அரிய ராஸ் மீன்களை இனங்காண்பதும் வளர்ப்பதும்: திருகோணமலைத் தொட்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராஸ் வாங்க வருபவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து விலையைக் கேட்கிறார்கள். அந்த மீன் இரவில் எங்கே படுக்கும் என்று கேட்பவர் மிகக் குறைவு. அதற்கு விடை தெரிந்துவிட்டால் அது எந்த இனம், என்ன தொட்டி வேண்டும், எதனால் சாகும் என்பதில் பாதி தெரிந்த மாதிரி. உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, நகரம் என்று பல இடங்களில் வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு நம்மூர் வெயிலுக்கும் கடல்நீருக்கும் மின்வெட்டுக்கும் ஏற்றபடி இங்கே விடை தந்திருக்கிறோம்.

ராஸ் என்று எதைச் சொல்கிறார்கள்? எல்லாவற்றையும் பவளத் தொட்டியில் வைக்கலாமா?

ராஸ் என்பது லேப்ரிடே குடும்பம். கிளிமீனுக்கு நெருங்கிய உறவு. 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. விரல் நீளத்தில் முடிந்துபோகும் ஃபிளாஷர் ராஸும் இதில் அடக்கம், ஆள் உயரத்தைத் தாண்டும் நெப்போலியன் ராஸும் இதில் அடக்கம். ஆகவே "ராஸ் பவளத்தைத் தின்னாது" என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

வீட்டுத் தொட்டிக்குப் பொருந்துபவை சில பேரினங்கள்தான். ஃபேரி ராஸ் எனப்படும் சிர்ரிலேப்ரஸ், ஃபிளாஷர் எனப்படும் பராகைலினஸ், லெப்பர்ட் எனப்படும் மக்ரோஃபரிங்கோடன், சிறிய ஹலிகோரஸ் இனங்கள், ஆறுகோட்டு ராஸ் சேர்ந்த சூடோகைலினஸ், ஒளிந்து வாழும் பொஸம் ராஸ். இவை எதுவும் பவளத்தைக் கடிப்பதில்லை. ஹலிகோரஸும் ஆறுகோட்டு ராஸும் சிறிய நத்தை, தட்டைப்புழு, குழாய்ப்புழு ஆகியவற்றைத் தின்னும். பலர் அதற்காகவே வாங்குகிறார்கள்.

இரவில் எங்கே படுக்கும் என்பது ஏன் அவ்வளவு முக்கியம்?

இரண்டு வகைப் படுக்கை உண்டு. லெப்பர்ட், ஹலிகோரஸ், இன்னும் கோரிஸ், அனாம்ப்சஸ் என்ற வேறு இரண்டு ராஸ் பேரினங்கள் ஆகியவை மணலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து புதைந்து தூங்கும். மணல் இல்லாத தொட்டியில் அவை கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொள்ளும். வாய்முனை வெள்ளையாகித் தோல் உரியும், பிறகு சாப்பிட முடியாமல் இறக்கும். கடையில் அடித்தளத்தில் மணல் போடாத கண்ணாடிப் பெட்டிக்குள் லெப்பர்ட் ராஸ் பல நாள் நின்றிருந்தால், வாங்குமுன் அதன் வாயைக் கிட்ட நின்று பாருங்கள்.

ஃபேரி, ஃபிளாஷர், ஆறுகோட்டு ராஸ் ஆகியவை பாறை இடுக்கில் சளியால் ஒரு மெல்லிய உறை கட்டி அதற்குள் தூங்கும். காலையில் விளக்கு வந்ததும் அந்த உறை கிழிந்து, கண்ணாடித்தாள் போல, மணல் துகள்கள் ஒட்டியபடி பாறையில் தொங்கும் அல்லது நீரில் மிதக்கும். "மீன் தோல் உரிக்கிறது, என்ன மருந்து போடலாம்?" என்று கேட்டு வருவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். மருந்து எதுவும் வேண்டாம். உறை கட்டுகிற மீன் நிம்மதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

"அரிய" ராஸ் என்றால் என்ன? விலை கூடியதா?

விலை என்பது விளைவு. காரணம் பெரும்பாலும் ஆழம் அல்லது வாழிடத்தின் குறுக்கம். மாலைதீவில் 40 முதல் 70 மீற்றர் ஆழத்தில் வாழும் ரோஜா நிற ஃபேரி ராஸ் நல்ல உதாரணம். 1990களிலேயே அது பிடிபட்டது. ஆனால் சாகோஸ் தீவுகளில் கிடைத்த ஒரே ஒரு குஞ்சை வைத்துப் பெயரிடப்பட்டிருந்த சிர்ரிலேப்ரஸ் ரூப்ரிஸ்குவாமிஸ் என்ற இனத்தின் வளர்ந்த மீன் இதுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதுகுத்துடுப்பின் முள் உயரம், செதில் எண்ணிக்கை, மரபணு ஆகியவற்றை ஒப்பிட்ட பிறகு 2022இல்தான் அது தனி இனம் என்று உறுதியாகி சிர்ரிலேப்ரஸ் ஃபினிஃபென்மா என்ற பெயர் பெற்றது. திவேகி மொழியில் ஃபினிஃபென்மா என்றால் ரோஜா. பெயரிட்ட குழுவில் மாலைதீவைச் சேர்ந்த அகமது நஜீப்பும் இருந்தார்.

முப்பது ஆண்டுகளாக விற்பனைப் பட்டியல்களில் பிழையான பெயரோடு ஒரு மீன் ஓடிக்கொண்டிருந்தது என்றால், கடையில் ஒட்டியிருக்கும் பெயர்த்தாளை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

சின்னதாக, செம்மஞ்சள் நிறத்தில், முதுகில் வெள்ளைப் பொட்டுகளோடு ஒரு மீன் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். அது கோரிஸ் குஞ்சு. இந்த ஒரு குழப்பத்தால் கெட்டுப்போன தொட்டிகள் ஏராளம்.

இரண்டு கோரிஸ் இனங்கள் நம் பக்கத்தில் குஞ்சாக விற்பனைக்கு வரும். செக்கச்செவேலென்ற செம்மஞ்சள் உடலில், கருப்பு ஓரம் கட்டிய வெள்ளைப் பட்டைகள் முதுகிலிருந்து கொஞ்ச தூரம் இறங்கி நின்றுவிட்டால் அது கோரிஸ் கியூவியரி. வளர்ந்தால் 38 சென்ரிமீற்றர். உடல் கருஞ்சிவப்பாகவோ கிட்டத்தட்டக் கருப்பாகவோ இருந்து, நடு வெள்ளைப் பட்டை முதுகிலிருந்து வயிறுவரை முழுதாக இறங்கினால் அது கோரிஸ் ஃபோர்மோசா. இது 60 சென்ரிமீற்றர் வரை வளரும். இலங்கைக் கடல் மீனை வைத்து 1830இல் பென்னட் பெயரிட்ட இனம், ஆகவே நம்மூர்க்காரர்தான். ஆனாலும் அதன் இடம் கடல்.

ஐந்து சென்ரிமீற்றர் குஞ்சாக இருக்கும்போது அது ஓர் அப்பாவி. 15 சென்ரிமீற்றர் ஆனதும் கல்லைப் புரட்டத் தொடங்கும். ஒட்டாமல் வைத்த பவளத் துண்டுகள் தினமும் மணலில் கிடக்கும். இறால், நத்தை, நண்டு எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். 1000 லீற்றருக்குக் குறைந்த தொட்டியில் அதற்கு இடமில்லை.

ஃபேரி ராஸ்களில் பெண் மீன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படிப் பிரித்தறிவது?

ராஸ்களில் பெரும்பாலானவை பெண்ணாகத் தொடங்கி, பிறகு ஆணாக மாறுபவை. குஞ்சு, பெண், ஆண் என்று ஒரே மீனுக்கு மூன்று உடைகள். வண்ணப்படங்களில் இருப்பது பெரும்பாலும் ஆண், அதுவும் பெண்ணை ஈர்க்க நிறம் காட்டும் சில விநாடிகளில் எடுத்த படம். கடைப் பெட்டியில் பயந்து நிற்கும் மீனை அந்தப் படத்தோடு ஒப்பிட்டால் எதுவுமே பொருந்தாது.

நிறத்தை விட்டுவிட்டு இந்த வரிசையில் பாருங்கள். முதலில் கண். ஃபேரி, ஃபிளாஷர், ஆறுகோட்டு ராஸ் ஆகியவற்றின் விழிவெண்படலம் இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். பக்கவாட்டில் ரோர்ச் அடித்துப் பார்த்தால் ஒரு கண்ணுக்குள் இரண்டு பாவை இருப்பது போலத் தெரியும். அது தெரிந்தால் ஹலிகோரஸ், லெப்பர்ட் இரண்டும் கழிந்துவிட்டன. அடுத்து முதுகுத்துடுப்பின் முன்பகுதி முட்களை எண்ணுங்கள். ஃபேரிக்கு 11, ஃபிளாஷருக்கு 9. உயிருள்ள மீனில் நேரே எண்ணுவது கடினம். துடுப்பை விரித்த நேரத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி எண்ணலாம். மூன்றாவது, வால் அடி. பெரும்பாலான ஃபேரி இனங்களின் குஞ்சிலும் பெண்ணிலும் வால் அடியின் மேற்பக்கத்தில் ஒரு கரும்பொட்டு இருக்கும்.

ஃபிளாஷர் ஆண்களில் முதுகுத்துடுப்பிலிருந்து நீளும் இழைகளை எண்ணினால் பாதி வேலை முடிந்தது. மெக்கொஸ்கர் ஃபிளாஷருக்குப் பெரும்பாலும் ஒரே இழை, குதத்துடுப்பு சிவப்பு. இந்து சமுத்திரத்தில் பெரும்பாலும் கிடைப்பதும் இதுதான். கார்ப்பென்டர் ஃபிளாஷருக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு. ஃபிலமென்டோசஸுக்குப் பல இழைகளும் பிறை போன்ற வாலும். செங்கடல் எட்டுக்கோட்டு ஃபிளாஷருக்கு இழையே கிடையாது. ஆனால் பயணத்தில் இழை முறிந்த மீன் ஏமாற்றும். முறிந்த இடத்தில் துடுப்பு ஓரம் நேராக வெட்டினாற்போல் இருக்கும். இயற்கையில் கலப்பு மீன்களும் உண்டு என்பதால் சிலவற்றுக்கு இறுதிவரை பெயர் சொல்ல முடியாது.

படம் எடுக்க நல்ல நேரம் விளக்கு அணைவதற்கு முந்தைய ஒரு மணித்தியாலம். ஆண்கள் அப்போதுதான் துடுப்பை விரித்து ஓடும். தொட்டிக்கு எதிரே ஒரு சிறு கண்ணாடியை இரண்டு நிமிடம் பிடித்தால் தன் உருவத்தைப் பார்த்தும் விரிக்கும். அதற்கு மேல் பிடிக்காதீர்கள், மீன் களைத்துவிடும்.

மஞ்சள் ராஸ் என்று ஒன்று வாங்கினேன். வயிறு வெள்ளையாக இருக்கிறது. நோயா?

நோய் இல்லை. முழு உடலும் மஞ்சளாக இருப்பது ஹலிகோரஸ் கிரைசஸ். முதுகு மஞ்சள், வயிறு வெள்ளை என்றால் அது நம் இந்து சமுத்திரத்து ஹலிகோரஸ் லியூகோசாந்தஸ். இரண்டும் 12 சென்ரிமீற்றர் அளவில் நிற்கும், ஒரே பராமரிப்பு. முதல்முறை ராஸ் வைப்பவருக்கு இதைவிட நல்ல மீன் கிடையாது.

லெப்பர்ட் ராஸ் ஏன் எல்லோரிடமும் மூன்று வாரத்தில் இறக்கிறது?

பட்டினி. வேறு காரணம் அபூர்வம்.

நம் பக்கம் வருவது பெரும்பாலும் மக்ரோஃபரிங்கோடன் ஓர்னேட்டஸ். செம்பழுப்பு உடலில் பச்சைப் பொட்டுகள், தலையில் பச்சைக் கோடுகள். மாலைதீவிலிருந்து பைபார்ட்டிட்டஸ் வரும். அதன் பெண் செம்மஞ்சள் முதுகில் வெள்ளைப் பொட்டுகளும் வயிற்றில் கருந்திட்டுகளும் கொண்டது, ஆண் முற்றிலும் வேறு மீன் போல நீலப்பச்சைப் புழுக்கோடுகளோடு இருக்கும்.

இந்த மீன் கடலில் நாள் முழுக்கப் பாறையையும் மணலையும் உற்றுப் பார்த்து, ஃபொராமினிஃபெரா என்னும் மணல்மணி அளவு உயிர்களையும் பொடி நத்தைகளையும் கோபிபொட் என்னும் நுண்ணிய இறாலின உயிர்களையும் பொறுக்கித் தின்னும். ஒரு கண்ணை மட்டும் உருட்டி, பாறையில் ஒரு புள்ளியை இரண்டு விநாடி பார்த்து, டக்கென்று கொத்தும். அப்படிக் கொத்தும் மீனை வாங்குங்கள். கண் உருளாமல் ஒரு மூலையில் மேலும் கீழும் நீந்தும் மீனை வாங்காதீர்கள். தலைக்குப் பின்னால், மேலிருந்து பார்த்தால் தெரியும் முதுகுச்சதை குழி விழுந்திருந்தாலும் வேண்டாம். அது மீள்வது மிகக் கடினம்.

தொட்டி குறைந்தது 200 லீற்றர், ஆறு மாதமாவது ஓடியிருக்க வேண்டும். முதல் மாதம் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி. முதல் தீனியாக இரண்டு பொருள்கள் நம்மூரில் நன்றாக வேலை செய்கின்றன. ஒன்று, முட்டையிலிருந்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் குஞ்சு. ஒரு லீற்றர் நீரில் 25 முதல் 30 கிராம் உப்பு, 2 கிராம் முட்டை, பலமான காற்று, 28 பாகை வெப்பம் என்றால் 18 முதல் 24 மணித்தியாலத்தில் பொரித்துவிடும். வெளிச்சத்தை ஒரு பக்கம் காட்டி, திரண்டு வரும் குஞ்சுகளை மட்டும் உறிஞ்சி எடுத்து, நன்னீரில் அலசிப் போடுங்கள். முட்டைக்கோது போகக்கூடாது.

மற்றது மீன் சினை. சந்தையில் சூடை, கீரி போன்ற சிறு மீன்களை வாங்கும்போது சினையை எடுத்து, மெல்லிய பொலித்தீனில் தகடாகப் பரப்பி உறையவைத்து, நகத்தளவு உடைத்து, தேநீர் வடியில் அலசிப் போடுங்கள். நீரோட்டத்தில் தனித்தனி முட்டையாக மிதந்து வரும்போது, உறைந்த எதையும் தொடாத லெப்பர்ட் ராஸ்கூட எட்டிப் பிடிக்கும். சினைக்குப் பழகியபின் அதோடு பொடியாக நறுக்கிய இறாலும் மைசிஸ் என்னும் பொடி இறாலும் கலந்து மாற்றலாம். புதிய கூனி இறால் கிடைத்தால் மிக நல்லது. கருவாடாக்கிய கூனி வேண்டாம். உப்பும் பழைய எண்ணெயும்தான் அதில் மிச்சம்.

நிலாவெளிக் கடற்கரை மணலைத் தொட்டிக்குப் போடலாமா?

கரையோர மணலை அள்ளுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, அது முதல் விடயம். இரண்டாவது, நம் கரை மணலில் பெரும்பகுதி குவாட்ஸ். துகள் கூர்மையாக இருந்தால் தலைகீழாகப் பாயும் மீனின் முகத்தைக் கீறும். மூன்றாவது, கருமணல். புல்மோட்டைப் பக்கம் இல்மனைட் படிந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே கருமணல் வரி வரியாக நம் கரைகளிலும் உண்டு. காந்தத்தில் ஒட்டும் துகள்கள் பம்பின் காந்தச் சுழலியில் படிந்து அச்சைத் தேய்க்கும். கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டி, கண்ணாடியில் நீளக் கோடு போடும்.

அரகொனைட் எனப்படும் சுண்ணாம்பு மணல் வாங்குங்கள். துகள் அரை முதல் ஒன்றரை மில்லிமீற்றர். ஆழம் குறைந்தது 5 சென்ரிமீற்றர், 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்த மீனுக்கு 8. தொட்டி முழுதும் அவ்வளவு ஆழம் வேண்டாமென்றால், நீரோட்டம் குறைந்த ஒரு மூலையில் மட்டும் ஆழமாகப் போட்டுவிட்டு மற்ற இடத்தில் மெல்லியதாகப் பரப்பலாம். மீன் அந்த மூலையைக் கண்டுபிடித்துவிடும். பாறைகளை மணலின் மேல் வைக்காமல் தொட்டியின் அடியில் நேராக ஊன்றிய பிறகு மணலைப் போடுங்கள். இல்லாவிட்டால் மீன் தோண்டத் தோண்டப் பாறை சரியும்.

கடல் பக்கத்தில் இருக்கிறதே, கடல்நீரையே பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆனால் எந்த மாதம், எந்த இடம் என்று பார்க்கவேண்டும். மாரியில், நவம்பர் முதல் ஜனவரி வரை, வங்கக் கடலின் மேல்நீர் மழையாலும் ஆற்று நீராலும் உப்புக் குறைந்திருக்கும். கொட்டியாரக் குடாவில் மகாவலி விழுவதால் அந்தப் பக்கம் இன்னும் குறைவு. உள்துறைமுக நீரில் படகு எண்ணெய் கலந்திருக்கும். சோழகக் காலத்தில், ஜூன் முதல் செப்டெம்பர் வரை, கடல் அடங்கியிருக்கும்போது கரையை விட்டு விலகிப் படகில் போய் எடுப்பதே சரி. அந்த நான்கு மாதத்தில் மாரிக்கும் சேர்த்துச் சேமித்துவிடுங்கள்.

கொண்டுவந்ததும் 5 மைக்ரோன் வடிகட்டியில் விட்டு, 5 வீத குளோரின் கரைசலை 5 லீற்றருக்கு 1 மில்லிலீற்றர் கணக்கில் ஊற்றி, காற்றோட்டத்தோடு ஒரு நாள் வையுங்கள். வாசனை சேர்த்த சலவைத் திரவம் கூடாது. பிறகு 100 லீற்றருக்கு 7 கிராம் சோடியம் தயோசல்பேற் கரைத்து, இன்னும் ஒரு நாள் காற்றடித்து, குளோரின் சோதனையில் பூச்சியம் வந்த பிறகே பயன்படுத்துங்கள்.

உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 இருக்கவேண்டும். 32 காட்டினால் 100 லீற்றருக்கு ஏறக்குறைய 330 கிராம் செயற்கைக் கடலுப்பு சேர்த்தால் சரியாகும், சுத்த உப்பாகக் கணக்கிட்டால் 300 கிராம், மிச்சம் ஈரப்பதத்துக்காக. ஒளிவிலகலால் உப்பை அளக்கும் கருவியை (refractometer) நன்னீரில் பூச்சியம் வைத்தால் மட்டும் போதாது. 36.5 கிராம் கறியுப்பை 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் அது 35 காட்டவேண்டும். சமையல் தராசு போதும், ஆனால் கிராமின் தசமம் காட்டுவதாக இருக்கட்டும்.

கச்சான் அடிக்கும் காலத்தில் தொட்டி 32 பாகைக்குப் போகிறது. குளிரூட்டி வாங்கியே ஆகவேண்டுமா?

ஆழத்து ஃபேரி, ஃபிளாஷர் இனங்களுக்கு 25 முதல் 26 பாகை, மற்றவற்றுக்கு 27 வரை நல்லது. சூடேற ஏற நீர் பிடித்துவைக்கும் ஒட்சிசன் குறையும், மீனின் தேவையோ கூடும். 27 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் கரைந்திருக்கும் நீர், 31 பாகையில் 6.1தான் வைத்திருக்கும். இரவில் பாசியும் பவளமும் சுவாசிக்கும்போது அதிலும் குறையும். ஓயாமல் நீந்தும் ஃபேரி ராஸ்தான் முதலில் மூச்சிரைக்கும்.

முதலில் மின்விசிறியை முயன்று பாருங்கள். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிற் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஒரு நாளைக்கு 4 லீற்றர் ஆவியானால் அது 110 வாற் வெப்பத்தை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருப்பதற்குச் சமம். கச்சான் காற்று வறண்டது என்பதால் நம்மூரில் நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக வீசும் சிறு விசிறிகள் இரண்டு மூன்று பாகை இறக்கிவிடும். குளிரூட்டி வாங்குவதென்றால் அதன் வெந்த காற்று அதே அறைக்குள் சுழலாதபடி வெளியே வையுங்கள். அறைக்குள் வைத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள் அதிகம்.

விசிறி போட்டால் உப்பு ஏறும். ஆவியான அளவு நன்னீரைத் தானாக நிரப்பும் மிதவை இல்லாமல் விசிறியைத் தொடங்கவேண்டாம். விசிறிக்காக மூடியைத் திறந்து வைப்பதும் கூடாது. காரணம் அடுத்த விடையில்.

மூடி இல்லாமல் வைக்கலாமா? மின்வெட்டில் என்ன செய்வது?

மூடி இல்லாத ராஸ் தொட்டி என்று ஒன்று கிடையாது. தரையில் காய்ந்து கிடக்கும் ராஸ்தான் இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் காணப்படும் காட்சி.

அலுமினியச் சட்டத்தில் 6 மில்லிமீற்றர் கண் கொண்ட ஒளிபுகும் நைலோன் வலையை இழுத்துக் கட்டுங்கள். நுளம்பு வலை வெளிச்சத்தை அதிகம் மறைக்கும், உப்பும் படிந்து அடைக்கும். சட்டம் சரியாக இருந்தாலும் மீன் போவது மூலையில்தான். வயர் போகும் வெட்டு, நீர் வழியும் பெட்டியின் பின்பக்கம், தீனி போடும் துளை. உங்கள் சுண்டுவிரல் நுழையும் எந்த இடைவெளியிலும் நான்கு சென்ரிமீற்றர் ஃபிளாஷர் நுழையும்.

ராஸ் பாய்வது பெரும்பாலும் வெளிச்சம் திடீரென மாறும்போது. இரவில் மின்சாரம் போய், அறை இருண்டு, பத்து நிமிடத்தில் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும்போது மீன் மேலே அடிக்கும். பற்றரியில் எரியும் ஒரு சிறு நீல விளக்கைத் தொட்டியின் ஓரத்தில் எப்போதும் எரியவிடுங்கள். மின்சாரம் திரும்பும்போது முதன்மை விளக்கு 30 நிமிடம் தாமதித்து மெதுவாக ஏறும்படி அமையுங்கள்.

ஒட்சிசனுக்கு 12 வோல்ற் நேர்மின் நீரோட்டப் பம்ப் ஒன்று போதும். 20 வாற் பம்ப் 1.7 அம்பியர் இழுக்கும். 40 அம்பியர் மணி ஈய பற்றரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் ஏறக்குறைய 12 மணித்தியாலம் ஓடும். பம்பின் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு குலுங்கும்படி வையுங்கள்.

புது மீனை நேரே தொட்டியில் விடலாமா?

விடவேண்டாம். மணலில் தூங்கும் இனத்துக்கு, புது மீனை நோய் பார்க்கத் தனியே வைக்கும் வெறும் தனிமைத் தொட்டிக்குள் 5 சென்ரிமீற்றர் மணல் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை வையுங்கள். செப்பு மருந்து போடுவதென்றால் அந்த மணல் சிலிக்கா மணலாக இருக்கவேண்டும். அரகொனைட் செப்பை உறிஞ்சிவிடும், சோதனையில் அளவு நாளுக்கு நாள் இறங்கும், மருந்து வேலை செய்யாது.

வெண்புள்ளி நோய்க்கு மட்டும் என்றால் மருந்தில்லாத வழி இருக்கிறது. 72 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, சுத்தமாகக் காயவைத்த வேறொரு தொட்டிக்கு மாற்றுவது, மொத்தம் நான்கு மாற்றம். ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கிக் குஞ்சு பொரிக்குமுன் மீன் போய்விடும். வெல்வெட் நோயை இது தீர்க்காது. வெல்வெட் வந்த மீன் பம்பின் ஓட்டத்துக்கு எதிரே நின்று வேகமாக மூச்சு வாங்கும், தோலில் மாவு தூவியதுபோல் இருக்கும். அதற்குத் தாமதிக்காமல் செப்புதான். குடற்புழுவுக்குப் பிரசிகுவான்டெல் போடும்போது ராஸ்கள் சில நாள் சாப்பிடாமல் இருப்பதுண்டு, காற்றைக் கூட்டி வையுங்கள். ஏற்கெனவே மெலிந்த மீனுக்கு முதலில் தீனி, பிறகு மருந்து.

பல ராஸ்களை ஒன்றாக வைக்கலாமா?

வைக்கலாம், வரிசை தவறாமல் இருந்தால். கூச்சமுள்ளது முதலில்: பொஸம், லெப்பர்ட். பிறகு ஃபிளாஷர், ஃபேரி, ஹலிகோரஸ். ஆறுகோட்டு ராஸ் எல்லாவற்றுக்கும் கடைசி. முதலில் வந்துவிட்டால் முழுத் தொட்டியும் தனது என்று நினைத்து, பின்னால் வரும் ஒவ்வொரு ஃபேரி ராஸின் துடுப்பையும் கிழிக்கும். ஒரே இனத்தில் இரண்டு ஆண் வேண்டாம்.

புது மீனை துளைகள் போட்ட அக்ரிலிக் பெட்டியில் தொட்டிக்குள்ளேயே மூன்று முதல் ஏழு நாள் தொங்கவிடுங்கள். பழைய மீன்கள் பெட்டியைக் குத்துவதை விட்டு வேறு வேலை பார்க்கத் தொடங்கிய பிறகே திறந்துவிடுங்கள்.

கிளீனர் ராஸ் ஒன்று வைத்தால் நோய் வராதா?

வைக்காதீர்கள். மற்ற மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் அதற்கு ஒரு வீட்டுத் தொட்டியில் இருக்கும் ஆறேழு மீன்கள் போதாது. வெண்புள்ளி தோலுக்கு அடியில் இருப்பதால் அதையும் இது தீர்ப்பதில்லை. அதைப்போலவே நடிக்கும் பிளெனி மீன் ஒன்றும் இதோடு கலந்து வரும். கிளீனருக்கு வாய் மூக்கு நுனியில், போலிக்கு வாய் தலையின் அடிப்பக்கத்தில். போலி பெரிய மீன்களின் துடுப்பைக் கடித்தெடுக்கும்.

புறாமலையில் அழகான ராஸ்கள் நிறைய. ஒன்றிரண்டு பிடிக்கலாமா?

கூடாது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவு 1963 முதல் சரணாலயம், 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே மீனோ பவளமோ சிப்பியோ எதை எடுப்பதும் குற்றம். பூங்காவுக்கு வெளியே அலங்கார மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழ் வருகிறது. மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அனுமதியுள்ள சுழியோடிகளிடம் வாங்குங்கள். முகமூடி போட்டு மிதந்து, இங்கே எழுதியதைக் கொண்டு எத்தனை இனத்தைப் பெயர் சொல்ல முடிகிறது என்று பாருங்கள். ஆணும் பெண்ணும் குஞ்சும் ஒரே பாறையில் நிற்கும்போது கற்பது எந்தப் படத்திலும் கிடைக்காது.

தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீனைக் கடலில் விடுவதும் தவறு. வெளிநாட்டு மீனோடு வரும் நோய் நம் பாறைக்குப் போய்ச் சேரும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கொழும்பிலிருந்து மீன் கொண்டுவருவது எப்படி? வந்த அன்றே மணலுக்குள் போய்விட்டது, இன்னும் வெளியே வரவில்லை.

ஒரு பையில் ஒரு மீன், மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஒட்சிசன், இரட்டைப் பை, ரெஜிபோம் பெட்டி. பகல் பயணமென்றால் உறைந்த தண்ணீர்ப் போத்தலைப் பத்திரிகைத்தாளில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் வையுங்கள், பையில் தொடக்கூடாது. பயணத்தில் பைக்குள் காபனீரொட்சைட்டு கூடி நீர் அமிலமாகும், அமோனியா சேரும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி அமிலம் குறையும், அந்த அமோனியா திடீரென நஞ்சாகும். ஆகவே திறந்த பைக்குள் இரண்டு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாக நீர் விடும் பழைய முறை வேண்டாம். கடையின் உப்பளவை முன்பே கேட்டு, தனிமைத் தொட்டியை அதே அளவில் வைத்து, மூடிய பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றுங்கள்.

மணலுக்குள் போனதைத் தோண்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாதாரணம், ஒரு வாரமும் ஆகலாம். தூர நாட்டிலிருந்து வந்த மீன் தன் ஊர் நேரத்தில் எழும், நாம் தூங்கும்போது வெளியே வந்து போகும். இறந்துவிட்டதோ என்று சந்தேகமிருந்தால் அமோனியாவை அளந்து பாருங்கள். அது ஏறாவிட்டால் மீன் உயிரோடுதான் இருக்கிறது. காலையில் விளக்கு வந்து ஒரு மணித்தியாலம் கழித்து, தூரத்தில் நின்று அதே மூலையைப் பாருங்கள். முதலில் மணலில் ஒரு சிறு குழி விழும், பிறகு மூக்கு நுனியும் ஒரு கண்ணும் மட்டும் வெளியே தெரியும். அந்தக் கண் உருண்டு சுற்றிப் பார்க்கத் தொடங்கினால், அலசிய சினையை ஓட்டத்தோடு அந்தப் பக்கம் மெதுவாக விடுங்கள்.